மண்சுவரில் மாட்டிய கீசர்

புதன்கிழமை காலை எட்டரை மணி. ஆலங்காயத்தில் தன் வீட்டு வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, டிரில் பிட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான் அசோக்குமார். பன்னிரண்டு எம்எம் பிட்டைக் கையில் எடுத்தவன் துடைப்பதை நிறுத்தினான். பிட்டின் முறுக்குப் பள்ளத்தில் ஒரு துரும்பு சுற்றிக் கிடந்தது. நகத்தால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சாமை வைக்கோல். கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது காய்ந்த செம்மண்.

செங்கல்லில் வைக்கோல் இருக்காது. ஹாலோபிளாக்கில் இருக்காது. மலையில் மண்ணைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, காலால் மிதித்து, வெடிக்காமல் இருக்க வைக்கோலை வெட்டிப் போட்டு எழுப்புவார்களே, அந்தக் காலத்துச் சுவர், அதில்தான் இருக்கும்.

"இன்னாய்யா, பேயைப் பாத்தவனாட்டம் குந்திகினு கீற?" என்றாள் மஞ்சுளா. அவன் பெண்டாட்டி. கையில் டீ.

"நெல்லிக்கொல்லைல திங்கக்கிழம மாட்னேன் பாரு, கீசரு."

"அதுக்கு இன்னா இப்ப?"

"மண்ணு செவுத்துல மாட்டிட்டேன்டி."

"டைல்ஸு போட்ட பாத்ரூம்னு சொன்ன?"

"டைல்ஸு மேல கீது. அதுக்குப் பின்னால மண்ணு."

மஞ்சுளா டீயைக் கீழே வைத்துவிட்டாள். அந்த வேலையைப் பற்றி அவளுக்கும் தெரியும். இருபத்தைந்து லிட்டர் கீசர். வெறும் டாங்க்கே பன்னிரண்டு கிலோ. தண்ணீர் நிரம்பினால் முக்கால் மூட்டை சிமெண்ட் கனம். அந்தக் கனம் இரண்டே இரண்டு ஆங்கர் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே இன்றைக்குப் பகல் ஒரு பெண் மணையைப் போட்டு உட்கார்ந்து, மூன்று மாதக் குழந்தையைக் கால்மேல் கிடத்தித் தண்ணீர் ஊற்றப் போகிறாள்.

"எத்தினி மணிக்கு வர்றாங்க?"

"பன்னண்டுக்குள்ளன்னு சொன்னாங்க."

"அப்ப இன்னும் ஏன் குந்திகினு கீற?" என்று கத்தினாள் மஞ்சுளா.

அசோக்குமார் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். பத்து வயதுக்கு மேல் வாணியம்பாடியில் தோல் மண்டியில் மூட்டை இழுத்தான். பிறகு ஒரு பிளம்பிங் காண்ட்ராக்டரிடம் பைப் தூக்கப் போய், அப்படியே தொழிலைப் பிடித்துக்கொண்டான். இப்போது நாற்பத்தேழு வயது. பெரிய மீசை, எட்டு வீடு கேட்கிற குரல். கரண்ட்டுக்குப் பயப்பட மாட்டான், ஏணிக்குப் பயப்பட மாட்டான், வீட்டுக்காரர்களோடு மல்லுக்கு நிற்கவும் பயப்பட மாட்டான். தான் மாட்டிய சாமான் கழன்று விழுந்துவிடும் என்கிற ஒரே ஒரு பயம்தான் அவனுக்கு.

அதற்கும் காரணம் இருந்தது. பதினாறு வருடத்துக்கு முன்னால் வாணியம்பாடியில் ஒரு வீட்டில் அவன் மாட்டிய வாஷ்பேசின், நாலாம் நாள் விழுந்தது. கை கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் புறங்காலில் பீங்கான் துண்டு இறங்கி ஏழு தையல். அந்த அம்மா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு அவன் எந்த வீட்டுக்குப் போனாலும், தான் எப்போதோ மாட்டிய கண்ணாடியை, டவல் கம்பியை, பேசினை யாரும் பார்க்காதபோது ஒரு தரம் ஆட்டிப் பார்ப்பான். கல்யாணத்துக்குப் போன வீட்டில்கூட ஆட்டுவான். மஞ்சுளா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவன் எப்படி ஏமாந்தான் என்று கேட்டால், சின்ன பாத்ரூம்தான் அவனை ஏமாற்றியது.

நெல்லிக்கொல்லை, ஜமுனாமரத்தூருக்கு இந்தப் பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற மலையூர். அங்கே மாதையன், செந்தாமரை என்று ஒரு குடும்பம். சாமையும் கேழ்வரகும் போடுகிறார்கள், ஏழு புளியமரம் உண்டு. அவர்களுடைய ஒரே பிள்ளை ஜீவானந்தம் செங்கத்தில் பெண் எடுத்திருந்தான். பெண் பெயர் தேவயானி. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் மூன்று மாதம் கழித்துப் பிள்ளையோடு புதன்கிழமை திரும்பி வருகிறாள், பெண் வீட்டு ஆட்களும் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதற்குள் வீட்டை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டி, டைல்ஸ் ஒட்டி, வெந்நீர் வரவைத்துவிட வேண்டும் என்று ஜீவானந்தம் ஒற்றைக் காலில் நின்றான்.

நாலடி அகலம், ஆறடி நீளம். அதற்குள் ஒரு மூலை பேசின், ஒரு கண்ணாடி, இடுப்பு பிடித்துக்கொண்ட மாதையன் பிடித்து எழுந்திருக்க ஒரு ஸ்டீல் கைப்பிடி, இதற்கெல்லாம் மேலே தடியாகக் கீசர். கதவைத் திறந்தால் பேசினில் இடிக்கிறது, பேசினைத் தள்ளினால் கைப்பிடிக்கு இடமில்லை. பாதி நாள் சாக்பீஸால் கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்தான் அசோக்குமார்.

கீசருக்கு எந்தச் சுவர் தாங்கும் என்று பார்க்க விரலை மடக்கி நாலு சுவரையும் தட்டினான். மூன்று சுவர் டொக் டொக் என்றது. உள்ளே ஓட்டை உள்ள ஹாலோபிளாக். நாலாவது சுவர் தொப்பென்றது. உள்ளே இடைவெளியே இல்லாத கெட்டிச் சுவர் என்று எடுத்துக்கொண்டான். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் தட்டிப் பழகின கை அது. ஆலங்காயத்திலும் வாணியம்பாடியிலும் டைல்ஸுக்குப் பின்னால் தொப்பென்றால் செங்கல்தான், வேறு எதுவும் கிடையாது.

இருந்தாலும் கேட்டான்.

"தம்பி, இந்தச் செவுரு இன்னா, செங்கல்லா?"

ஜீவானந்தம் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "எல்லாமே புதுக் கட்டடம்தாண்ணா. அந்தச் செவுரு ஃபுல்லா செங்கல்லு," என்றான்.

டிரில்லை வைத்தான். டைல்ஸைத் தாண்டியதும் பிட்டு விறுவிறுவென்று இறங்கியது. சிவப்பாகத் தூள் கொட்டியது. செங்கல் தூளும் சிவப்புதானே. கொஞ்சம் சுலபமாகத்தான் போகிறது என்று மனசு முணுமுணுத்தது. கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, நாலரை மணி பஸ் வளைவில் ஹாரன் அடித்துவிட்டது. அதை விட்டால் அன்றைக்குக் கீழே இறங்க வழி கிடையாது. போல்ட்டை முடுக்கினான், கீசரைத் தூக்கி மாட்டினான், தண்ணீர் விட்டான். வழக்கமாக எதை மாட்டினாலும் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்ப்பான். அன்றைக்குத் தொங்கவில்லை. கீழ்ப் பைப்பின் இணைப்பில் முத்து முத்தாக ஒரு சொட்டு நின்றது. தானாக அடைத்துக்கொள்ளும் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

இப்போது அந்தச் சொட்டுதான் அவன் கண்முன்னால் நின்றது. இரண்டு நாளாகச் சொட்டியிருந்தால் டைல்ஸ் இடுக்கில் இறங்கி மண்ணை நனைத்திருக்கும். காய்ந்த மண்சுவர் கல் மாதிரி. நனைந்த மண்சுவர் களி மாதிரி.

எட்டு மணி பஸ் போய்விட்டிருந்தது. டிவிஎஸ்ஸைக் கிளப்பினான். சாமான் பையை முன்னால் வைத்து, ஜீவானந்தத்துக்குப் போன் போட்டான். எல்லைக்கு வெளியே என்றது. செந்தாமரைக்குப் போட்டான். அதுவும் அப்படியே. மலையேறும் ரோட்டில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தான். ஒரே ஒரு வளைவில் மணி அடித்தது.

"அலோ," என்றாள் செந்தாமரை.

"யம்மா, நான் பிளம்பர் அசோக்கு. அந்தப் பாத்ரூம்ல யாரும்..."

"அலோ? அலோ? யாரு பேசறது? சத்தமே வர்ல. வேனு கெளம்பிட்டாங்களாம், அடுப்புல வேலை கீது, வையி." வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் போனில் சிக்னல் கோடே காட்டவில்லை. வண்டி பாதி மலையில் சூடேறி நின்றுவிட்டது. பதினைந்து நிமிடம் ரோட்டோரம் நின்றான். காற்று குளிர்ந்துதான் வீசியது, அவனுக்கு முதுகெல்லாம் வேர்வை. மனசு சும்மா இருக்கிறதா? தேவயானி என்கிற அந்தப் பெண்ணை அவன் பார்த்ததில்லை. ஆனாலும் மணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு முதுகு தெரிந்தது. அவள் காலில் ஒரு குழந்தை, எண்ணெய் மினுமினுக்கும் வயிறு. அதற்கு மேலே வெள்ளையாக, உருண்டையாக, அவன் கையால் மாட்டியது. ஏழு தையல் போட்ட பாதம் அடிக்கடி நடுவில் வந்து நின்றது. பெரிய பாதம் அது, செருப்புப் போடும் பாதம். குழந்தையின் தலை எவ்வளவு பெரிது இருக்கும்? ஒரு தேங்காய் அளவு இருக்குமா? அந்தக் கணக்கை முடிக்காமல் வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

நெல்லிக்கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே கால். வீட்டுக்கு முன்னால் வேன் நின்றிருந்தது.

வாசலெல்லாம் செருப்பு. செங்கத்து ஆட்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தேவயானியின் அண்ணன் அருள் புது பாத்ரூமின் வெளிப்பக்கத்தைச் சுற்றிவந்து பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை ஜீவானந்தம் கெத்தாக அவனுக்குப் பைப் லைனைக் காட்டிக்கொண்டிருந்தான். செந்தாமரை சாம்பிராணிக் கரண்டியோடு பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே சொம்பு பக்கெட்டில் இடிக்கும் சத்தம்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம். பிள்ளை பெற்று வருகிறவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பிள்ளைக்கும் ஊற்றிய பிறகுதான் உள்ளே விளக்கு மாடத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். வந்ததும் குளியல்தான், சாப்பாடுகூட அப்புறம்தான்.

"உள்ள... உள்ள யாரும்மா?" என்றான் அசோக்குமார்.

"யாரு, எம் மருமவதான். பேரனுக்குத் தண்ணி ஊத்தறா. நான் ஊத்தறேன்னா வுட்டாளா? நானே பாத்துக்கிறேன் அத்தைன்னு தாப்பா போட்டுக்கினா. நீ இன்னா தம்பி, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி கீது? சாமான் எதுனா வுட்டுட்டுப் போயிட்டியா?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தான். செங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள். இருபத்தைந்து வருடத் தொழில். நாக்கு வேறு பக்கம் புரண்டுவிட்டது.

"கீசர்ல கரண்ட்டு லீக்காவுதோன்னு ஒரு சந்தேகம்மா..."

அவ்வளவுதான். கரண்ட்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கூட்டமே எழுந்துவிட்டது. ஒரு நாற்காலி கவிழ்ந்தது. "ஐயோ எம் பொண்ணு!" என்று யாரோ அலறினாள். ஜீவானந்தம் பாய்ந்து வந்து இரண்டு கையாலும் கதவை இடித்தான்.

"தேவயானி! கதவத் தெற! கதவத் தெற!"

ஒவ்வொரு இடிக்கும் நிலைச்சட்டம் அதிர்ந்தது. நிலைச்சட்டத்துக்குப் பக்கத்துச் சுவர்தான் அந்தச் சுவர்.

உள்ளிருந்து தேவயானியின் குரல் வந்தது. "இன்னாங்க, ஏன் இந்த இடி இடிக்கிறீங்க? மேலருந்து மண்ணா கொட்டுது! புள்ள கண்ணுல வுழுது!"

ஜீவானந்தம் கதவை உதைக்கக் காலைத் தூக்கிவிட்டான். அசோக்குமார் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கித் தரையில் சாய்த்தான். சாய்த்துக்கொண்டே எட்டு வீடு கேட்கக் கத்தினான்.

"ஒதைக்காத! கரண்ட்டு இல்ல, நான் சொன்னது பொய்யி! செவுரு! மண்ணு செவுத்துல கீசர மாட்டிட்டேன்! எவனாவது கதவத் தொட்டீங்கன்னா வுழுந்துடும்! அப்பிடியே நில்லுங்க!"

எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

கதவோரம் போய் மண்டிபோட்டான். வாயைக் கதவு இடுக்கில் வைத்து, அவனுக்கே பழக்கமில்லாத மெல்லிய குரலில் பேசினான்.

"தாயி. நான் கீசரு மாட்ன பிளம்பரு. சொல்றதக் கேளு. மேல பாக்காத. எழுந்துக்காத. புள்ளைய நெஞ்சோட அணைச்சிக்கோ."

"இன்னாண்ணா ஆச்சி?" என்றாள் தேவயானி.

"ஒண்ணும் ஆவல. ஆவறதுக்கு முன்னால வெளிய வந்துடலாம். ஒரு கையால புள்ள, ஒரு கை தரையில. உக்காந்த வாக்குல கதவுப் பக்கம் நவுந்து வா. செவுத்தப் புடிச்சிக்காத. பைப்பத் தொடாத."

உள்ளே மணை கரகரவென்று உராய்ந்தது. நின்றது. மறுபடி உராய்ந்தது. தடார் என்று ஏதோ விழுந்தது.

"சொம்பு," என்றாள் தேவயானி உள்ளிருந்து. "சொம்புதான்."

குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. அழுகை நல்லது என்று நினைத்துக்கொண்டான் அசோக்குமார். அழுகிற வரைக்கும் நல்லது.

"கதவாண்ட வந்துட்டேண்ணா. தாப்பா வர மாட்டேன்து."

புதுக் கதவு, ஈரத்தில் ஊறியிருந்தது. அவன் கண்ணை மூடி அந்தத் தாழ்ப்பாளை நினைவுக்குக் கொண்டுவந்தான். அதையும் அவன்தான் அடித்திருந்தான்.

"கதவ உம் பக்கமா இழுத்துப் புடிச்சிகினு மேலத் தூக்கு. இழு மொதல்ல. வேகமா வாணாம்."

டக். கதவு திறந்தது. மாராப்பாகச் சுற்றிய பாவாடையோடு, தலையில் செம்மண் சேறு வழிய, பிள்ளையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தபடியே வெளியே நகர்ந்தாள் தேவயானி. செந்தாமரை துண்டைப் போட்டு இரண்டு பேரையும் வாரி இழுத்துக்கொண்டாள். பிள்ளையின் தலையைத் தடவினாள், காலைத் தடவினாள், விரலைக்கூட எண்ணிப் பார்த்தாள்.

அசோக்குமார் உள்ளே எட்டிப் பார்த்தான். கீசருக்குப் பின்னால் நாலு டைல்ஸ் சேர்ந்தாற்போல வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. சுவருக்கும் டைல்ஸுக்கும் நடுவில் விரல் நுழையும் சந்து. கீசர் முன்பக்கமாகக் குனிந்து, தேவயானி விட்டுவந்த மணையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதை அப்படியே விட்டுவிட முடியாது. விழுந்தால் பேசின் போகும், பைப் போகும், அந்தப் பக்கத்துச் சுவரும் சேர்ந்து சரியலாம். மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனான். முக்காலியில் ஏறி இடது தோளைக் கீசருக்கு அடியில் கொடுத்து, தலையைச் சாய்த்து முட்டுக் கொடுத்தான். கனம் தோளில் இறங்கியது. ஒரு கையால் வால்வை மூடினான், வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்று விட்டான், கீழ்ப் பைப்பின் நட்டை ஸ்பேனரால் திருப்பினான். கொதிநீர் முழங்கை வழியாக அக்குளுக்குள் ஓடியது. கையை எடுக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது இடது பக்கத்துப் போல்ட் கழன்றது. சத்தமே இல்லை. வெல்லத்தில் செருகிய குச்சியைப் பிடுங்கினாற்போல ஒரு கை மண்ணோடு வந்தது. மொத்தக் கனமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"யாராவது வாங்கடா!" என்றான்.

ஜீவானந்தம்தான் வந்தான். உயரமான பையன். இரண்டு கையையும் நீட்டி அடியில் தாங்கினான். நாலடி பாத்ரூமில் இரண்டு ஆம்பளைகள் மூக்கோடு மூக்கு உரச நின்றார்கள். தண்ணீர் நிதானமாக வடிந்துகொண்டிருந்தது.

"செங்கல்லுன்னு சொன்னியேடா," என்றான் அசோக்குமார்.

"மெதுவாப் பேசுங்கண்ணா, மச்சான் வெளிய நிக்கறாரு."

"மச்சானா? உம் புள்ளை உள்ள இருந்துதுடா பாவி."

ஜீவானந்தம் கனத்தை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் வாங்கிக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி டைல்ஸ் தூளோடு சேர்ந்து வழிந்தது.

தண்ணீர் தீர்ந்ததும் கீசரை இறக்கிக் கீழே வைத்தார்கள். இறக்கும்போதே நாலு டைல்ஸும் சரிந்து விழுந்து நொறுங்கின. பின்னால் தெரிந்தது சுவர். சிவப்பாக, ஈரமாக, வைக்கோல் நீட்டிக்கொண்டு.

இடுப்பைப் பிடித்தபடி மாதையன் வந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கப்பன் மிதிச்சி எழுப்புன செவுரு. அந்தாண்ட வெளக்கு மாடம் கீது, இடிக்கக் கூடாதுன்னு அப்பிடியே வச்சி, மூணு பக்கம் மட்டும் புதுசாக் கட்னோம். அந்தச் செவுத்துல நாங்க ஒரு ஆணி அடிச்சதில்ல. நீ ஓட்டையே போட்டுகீற. இன்னா மேஸ்திரி நீ? என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"உங்க புள்ளையக் கேட்டேங்க."

அருள் திரும்பினான். "மச்சான், ஃபுல்லா செங்கல்லுன்னு நேத்துகூட போன்ல சொன்னீங்க?"

ஜீவானந்தம் உடைந்த டைல்ஸைப் பொறுக்கக் குனிந்தான். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த தேவயானி அங்கிருந்தே சொன்னாள். "மூணு வருசமா இந்த வூட்ல குடும்பம் நடத்தறேன். மண்ணு செவுருன்னு எனக்குத் தெரியாதா? எங்கண்ணனுக்குக் கெத்து காட்டறதுக்கு எம் புள்ள தலையாய்யா கெடச்சிது உனக்கு?"

செந்தாமரை வெளியடுப்பில் அண்டாவை ஏற்றச் சொன்னாள். மருமகளுக்கும் பேரனுக்கும் வாசலில் புடவையை மறைப்புக் கட்டி மறுபடி முதலிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். அசோக்குமார் அந்தப் பக்கம் திரும்பாமல், வெந்துபோன கைக்கு மஞ்சுளா வைத்தனுப்பிய பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவனைப் போ என்று யாரும் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. இருந்தான்.

அந்தச் சுவரில் இனி எதுவும் தொங்கக் கூடாது. மறுபக்கம் வரைக்கும் துளைத்து, பின்னால் இரும்புப் பட்டை போட்டு முடுக்கலாம், ஆனால் மறுபக்கம் மாடம். ஹாலோபிளாக்கை நம்பவும் அவனுக்கு மனசில்லை. வியாழக்கிழமை ஜமுனாமரத்தூர் போய் வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்து, தடி இரும்பு ஆங்கிளில் நாலு கால் வைத்த உயரமான ஸ்டாண்டு ஒன்று அடித்தான். கீசர் அதன் மேல் உட்காரும், சுவரைத் தொடவே தொடாது. கால் நாலும் தரையில் நிற்கும், தரைக்குக் கீழே மலை இருக்கிறது. கால்கள் இரண்டு பேசினுக்கு இடைஞ்சல் என்று பேசினைக் கழற்றி வெளியே மாட்டினான். இரண்டு ஓட்டையையும் களிமண்ணும் சாமை வைக்கோலும் குழைத்து அடைக்க மாதையனே சொல்லிக்கொடுத்தார், திட்டிக்கொண்டே. அதன் மேல் டைல்ஸ். மாதையன் பிடிக்கும் கைப்பிடியையும் கழற்றி, ஹாலோபிளாக்கின் ஓட்டைக்குள் கான்கிரீட் ரொப்பி, மறுபடி முடுக்கி, அதில் தொங்கினான். காலைத் தூக்கிக்கொண்டு தொங்கினான். கண்ணாடிக்கும் அதே கதை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தண்ணீர் விட்டு, சுவிட்சைப் போட்டு, இணைப்பையெல்லாம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"ஆச்சிம்மா. இனிமே பயமில்ல."

செந்தாமரை பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருக்குப் பயமில்ல?"

"உங்களுக்குத்தாம்மா."

"உனக்கு?"

அசோக்குமார் மீசையைத் தடவினான்.

"மொதல்ல நீ போய்க் குளி," என்றாள் செந்தாமரை. "மணையப் போட்டுகினு, அதே எடத்துல குந்திகினு, தலைக்கு ஊத்திக்கோ. அப்பறம் எம் பேரன் குளிப்பான்."

"யம்மா, வெள்ளிக்கிழமை ஆம்பள தலைக்கு..."

"எந்தக் கிழமையா இருந்தா இன்னா? துண்டு தரேன். போ."

தேவயானி துண்டை நீட்டினாள். ஜீவானந்தம் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டான். மாதையன் நாற்காலியைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், ஏதோ திருவிழா பார்க்கிறவர் மாதிரி.

பனியனும் துண்டுமாக உள்ளே போனான். மணையில் உட்கார்ந்தான். உட்கார்ந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது, கீசர் எவ்வளவு பெரிதென்று. இத்தனை வருடத்தில் எத்தனையோ மாட்டியிருக்கிறான், எல்லாவற்றையும் நேருக்கு நேராகத்தான் பார்த்திருக்கிறான். ஒன்றையும் இப்படிக் கீழிருந்து பார்த்ததில்லை. அடிப்பக்கத்து உருண்டை தலைக்கு மேல் நின்றது. உள்ளே தண்ணீர் சூடேறி முனகியது. ஸ்டாண்டு எங்கோ டிக்கென்று ஒரு சத்தம் போட்டது. இரும்பு சூட்டுக்கு நீளும் சத்தம்தான், அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிக்கொண்டன.

முதல் சொம்பை ஊற்றினான். இரண்டாவது சொம்பு. சோப்புப் போடச் சொல்லி வெளியிலிருந்து உத்தரவு வந்தது. போட்டான். நுரை இறங்கிக் கண்ணில் புகுந்து எரிந்தது. கண்ணை மட்டும் மூடவில்லை.

"போதும் வாய்யா," என்றாள் செந்தாமரை. "தண்ணியெல்லாம் தீத்துடுவ போல கீதே. எம் பேரனுக்கு வேணாமா?"

"இன்னும் அஞ்சி நிமிசம்மா," என்றான் அசோக்குமார், மேலே பார்த்தபடியே. "அஞ்சே நிமிசம். நிக்குதான்னு நானும் பாத்துட்டு வர்றேன்."